மூத்தம்மாவாகப் படுத்திருக்கும் பொம்மை

பொம்மைக்கு மூச்சு முட்டுமா? "மகள், தண்ணி தாங்க" என்று கேட்குமா? "இந்தக் குளிசை எனக்கு வேணாம், நான் வீட்டுக்குப் போகணும்" என்று அடம் பிடிக்குமா?

பிடிக்கும். உலகின் பல தாதியர் கல்லூரிகளில் இன்று அப்படியான பொம்மைகள் கட்டிலில் படுத்திருக்கின்றன. ஆள் உயரம் இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும், கையில் பட்டியைச் சுற்றினால் பிரஷர் பார்க்கலாம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணினியோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியைதான் நோயாளியின் குரலாகப் பேசுவார். தலையில் நரைமுடி ஒன்றை வைத்து, மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டால் பொம்மை எண்பது வயது மூத்தம்மா ஆகிவிடுகிறது. தாதி மாணவி உள்ளே வருகிறாள். அவள் குளிசையை மாற்றிக் கொடுத்தாலும், கட்டிலின் சில்லைப் பூட்ட மறந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பிழை விடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட அறை அது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் தரையிலேயே ஓட்டிப் பழகுவது போன்ற ஒத்திகைப் பயிற்சி.

இது தாதிமாரின் பாடம், குசினியில் நிற்கும் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. நம் வாவிக்கரை ஊர்களின் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும், வீடு பெண்பிள்ளைக்கே கொடுக்கப்படுகிறது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மாவும் வாப்பாவும் முதுமையில் தங்குவது பெரும்பாலும் மகள் ஒருத்தியின் நிழலில்தான். அவர்கள் படுக்கையில் விழுந்தால் தூக்குகிறவள், துடைக்கிறவள், குளிசை கொடுக்கிறவள் எல்லாம் அவளே. தாதியாக வருகிறவள் மூன்று வருடம் படித்துவிட்டு வருகிறாள். மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாதி பொம்மையில் பழகுகிறாள், மகளோ உம்மாவின் உடம்பிலேயே பழகுகிறாள். அந்த ஒத்திகை அறையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அவளுடைய கஷ்டமும் உம்மாவின் கஷ்டமும் ஓரளவாவது குறையும் என்பதால்தான் இதை எழுத வந்தேன்.

துணிப் பொம்மையில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வைத்தியசாலையில் தாதியர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே மாணவிகள் பழகுவதற்கு ஆள் அளவில் ஒரு பொம்மை வேண்டும் என்று அதன் தலைவி லோடர் சதர்லாந்து கேட்டார். செய்து கொடுத்தவர் மார்த்தா சேஸ் என்ற பெண்மணி. பிள்ளைகளுக்குத் துணிப் பொம்மை செய்து விற்றவர், ஒரு வைத்தியரின் மனைவி. 1911ஆம் ஆண்டு பொம்மை வந்து சேர்ந்தது. செய்தவரின் பெயரிலேயே மாணவிகள் அதைத் 'திருமதி சேஸ்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

திருமதி சேஸைத் தூக்கினார்கள், புரட்டினார்கள், உடுப்பு மாற்றினார்கள். சில வருடங்களில் கையில் ஊசி போட்டுப் பழகவும் வசதி செய்யப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்பை மூடியபடியே, துடைக்க வேண்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து துடைத்து, உடனே மூடிவிடும் முறையையும் இப்படியான பொம்மைகளில்தான் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்திருக்கிறார்கள். நம் உம்மாமார் வாட்டுக்குப் போகப் பயப்படுவது பாதி நோய்க்கென்றால் பாதி இதற்குத்தானே. மறைவு காத்துப் பராமரிப்பதும் பழகி வருகிற ஒரு கைவேலைதான், வெறும் நல்ல மனம் மட்டும் போதாது.

பிறகு 1960இல் நோர்வே நாட்டின் விளையாட்டுப் பொருள் செய்பவர் ஒருவர், ஆஸ்மண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பழகுவதற்கு 'ஆன்' என்ற பொம்மையைச் செய்தார். அவருடைய சின்ன மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கி, அவரே தூக்கிக் காப்பாற்றியிருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே பிள்ளை வளர்க்கிற நமக்கு அந்த வாப்பாவின் மனம் விளங்கும். அதன்பின் வந்த பேசும் பொம்மைகள் எல்லாம் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

எண்பத்து நான்கு வயது மில்லி

நெடுங்காலம் இந்தப் பொம்மைகள் வயதில்லாத நோயாளிகளாகவே இருந்தன. முதியவர்களுக்கென்று தனிப்பாடம் தேவை என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. 2010ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் தேசிய தாதியர் கல்விச் சங்கமும் பிலடெல்பியா நகரத்துச் சமுதாயக் கல்லூரியும் சேர்ந்து சில முதியவர்களைக் கற்பனையில் உருவாக்கின. அவர்களில் ஒருவர் மில்லி லார்சன். வயது 84, கணவரை இழந்தவர், சின்ன வீட்டில் ஒரு பூனையோடு வாழ்கிறார். மகள் வேறு வீட்டில். இன்னொருவர் ரெட் யோடர் என்ற எண்பது வயது விவசாயி. மனைவி இல்லை, சீனி வருத்தம், காலில் ஆறாத புண். நம் வயற்கரையில் தேடினாலும் கிடைக்கக்கூடிய ஆள்தான்.

பாடம் பொம்மையில் தொடங்குவதில்லை. முதலில் மில்லியின் குரல் ஒலிப்பதிவில் வருகிறது. தன் வீடு, தன் கணவர், தன் பூனை பற்றி அவரே பேசுகிறார். நோயைப் பார்க்கும் முன் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 'பதினாலாம் கட்டில்' என்று கூப்பிடுவதற்கும் பெயர் தெரிந்து கூப்பிடுவதற்கும் எவ்வளவு தூரம்!

பிறகு மில்லி வைத்தியசாலையில். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, சிறுநீரில் கிருமி. ஆனால் மாணவி பார்ப்பது அதை அல்ல. கிழவி குழம்பிப்போய்ப் பேசுகிறாள், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. 'வயது போனால் அப்படித்தான்' என்று மாணவி நினைத்தால் அந்த இடத்திலேயே தோற்றாள்.

இதைக் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். முதியவரின் உடம்பு நோயை வேறு மொழியில் சொல்கிறது. பெரிய கிருமித் தொற்று இருந்தாலும் காய்ச்சல் காயாமல் இருக்கலாம். மாரடைப்பு வந்தாலும், சீனி வருத்தம் உள்ளவர்களிடம் விசேஷமாக, நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்கலும் மட்டும் தெரியலாம். தாகம் குறைந்துவிடுவதால் நம் ஊரின் புழுக்கத்திலும் தண்ணீர் கேட்கமாட்டார்கள். கடைசியில் முதல் அடையாளமாக வருவது சிந்தைக் குழப்பம்தான். நேற்று வரை பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் சொன்னவர், இன்று மகளையே "நீ யாரு?" என்கிறார். இரவில் எழும்பி இல்லாத ஆளோடு பேசுகிறார். விடிந்தால் கொஞ்சம் தெளிவு, மாலையில் மறுபடி குழப்பம். சில வீடுகளில் இதைக் கண்டு தண்ணீர் ஓதி வாங்க ஓடுகிறார்கள். ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் வைத்தியரிடமும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இது அவசர நோய்.

மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வரும். மணிக்கணக்கில், நாள் கணக்கில் வருகிற குழப்பம் வேறு. அதற்கு அடியில் ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடித்து மருந்து செய்தால் பெரும்பாலும் தெளியும். 1990இல் ஷாரன் இனோயி என்ற வைத்தியப் பெண்மணியும் அவருடைய குழுவினரும் இதைக் கட்டிலருகிலேயே கண்டுபிடிக்க ஒரு முறையை வகுத்தார்கள். திடீரென்று வந்ததா, கூடிக் குறைகிறதா? கவனம் நிற்கிறதா? பேச்சு கோர்வையாக இருக்கிறதா? விழிப்பு எப்படி? கவனத்தைப் பார்க்கக் கிழமை நாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார்கள். சத்தம் போடாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருக்கும் குழப்பமும் உண்டு. அதுதான் மிகவும் தவறவிடப்படுவது. வீட்டில் அதைப் பார்த்து 'மூத்தம்மா இன்றைக்கு நிம்மதியாகப் படுத்திருக்கிறா' என்று சந்தோஷப்படுவோம்.

இங்கேதான் மகள் வருகிறாள். 'நேற்று இப்படி இல்லை' என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவள். மில்லியின் கதையிலும் மகள் ஒரு பாத்திரம். அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறாளா என்று பார்த்தே மாணவியை மதிப்பிடுகிறார்கள். ஆகவே நீங்கள் வைத்தியசாலைக்குப் போகும்போது "உம்மாவுக்குச் சுகமில்லை" என்பதோடு நின்றுவிடாதீர்கள். வழக்கமாக எப்படி இருப்பார், எந்த நாள் எந்த நேரம் மாறினார், கடைசியாக எப்போது சலம் போனார், எவ்வளவு குடித்தார், இந்த வாரம் புதிதாக என்ன குளிசை தொடங்கினார். இந்த ஐந்தையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

குளிசைப் பெட்டி

மருந்து கொடுப்பதும் ஒத்திகை அறையில் பெரிய பாடம். மாணவி குளிசையோடு வந்து, "நீங்க ஆயிஷா உம்மாதானே?" என்று கேட்டால் புள்ளி போய்விடும். காது மந்தமான முதியவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "உம்மா, உங்கட பேர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வர வேண்டும். வராவிட்டால் கைப்பட்டியையும் கட்டில் அட்டையையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரே வாட்டில் மூன்று ஆயிஷா உம்மா படுத்திருக்கக்கூடிய நம் பகுதியில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்!

1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியரின் குழு, முதியவர்களுக்கு ஆபத்தான மருந்துகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுகிறது. தூக்கக் குளிசை வகைகள் அதில் உண்டு. தடிமனுக்கும் கடிக்கும் நாம் மிட்டாய் போல் வாங்கிக் கொடுக்கும் பிரிட்டன் வகைக் குளிசையும் இன்றைய பட்டியலில் உண்டு. சின்னவர்களுக்கு அது தூக்கத்தோடு போய்விடும். எண்பது வயதில் குழப்பத்தையும் சலக்கட்டையும் கொண்டுவரலாம், எழும்பும்போது விழுத்தலாம். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது, பக்கத்து வீட்டு ராத்தா தந்தது, நாட்டு மருந்துச் சூரணம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

பிழைக்குப் பின் ஒரு பேச்சு

ஒத்திகை பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது அதைவிட நீளம். பாடத்தின் உயிர் அங்கேதான் என்று இதை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியை ஏசக்கூடாது. "அந்த நேரம் நீ என்ன நினைத்தாய்? என்ன கண்டாய்? எதைக் காணவில்லை?" என்றுதான் கேட்க வேண்டும். பிழையை ஒளிக்காமல் சொல்லப் பழகுகிறவள் நாளை வாட்டிலும் சொல்வாள். பிழை வெளியே வந்தால்தான் நோயாளி தப்புவார்.

இவ்வளவு செய்தும் பலன் உண்டா? 2014இல் அமெரிக்கத் தாதியர் சபைகளின் தேசிய மன்றம் பெரிய ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டது. பத்துக் கல்லூரிகளின் மாணவர்கள் 600க்கு மேற்பட்டவர்கள் அதில் முடிவுவரை இருந்தார்கள். வாட்டுப் பயிற்சியில் பாதி நேரத்தை நல்ல முறையிலான ஒத்திகைக்கு மாற்றிய மாணவர்களும், பெரும்பாலும் வாட்டிலேயே பழகியவர்களும் அறிவிலும் தகுதிப் பரீட்சையிலும் சமமாகவே நின்றார்கள். ஆனால் 'நல்ல முறையிலான' என்ற சொல்லை விட்டுவிடக்கூடாது. விலை உயர்ந்த பொம்மையை வாங்கிப் பூட்டிவைத்தால் அது அலுமாரிக்குத்தான் அழகு.

நம் மட்டக்களப்பில் தாதியர் கல்லூரி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் தாதியியலில் பட்டப்படிப்பும் நடத்துகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் நூற்றுக்கு 12 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அந்த விகிதம் அதன்பின் கூடித்தான் இருக்கிறது. நம் பெண்பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போவதைப் பற்றி வீட்டில் தயங்குகிறவர்கள், நாளை தம்மைத் துடைத்துவிட எந்தக் கை வர வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பதையும் யோசிக்கட்டும். பொம்மை இல்லாவிட்டாலும் ஒத்திகை நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1963இலேயே ஹவர்ட் பரோஸ் என்ற வைத்தியர், நல்ல உடம்போடு இருந்த ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்கள் முன் உட்கார வைத்தார். நடிக்கத் தெரிந்த மூத்தம்மாமாருக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன!

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

1979இல் பட்ரீசியா மூர் என்ற 26 வயது அமெரிக்கப் பெண், எண்பது வயதைத் தாண்டிய கிழவியாக வேடம் போட்டார். பார்வையை மங்கச் செய்தார், காதை அடைத்தார், மூட்டு மடங்காதபடி கட்டினார். 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரம் நகரமாக நடந்தார். பொருட்களை வடிவமைப்பது அவர் தொழில். முதியவர்களுக்குக் கதவும் போத்தலும் எப்படி எதிரியாகின்றன என்பதை உடம்பால் அறிந்தார். இப்போது மாணவர்களுக்காக இதற்கென்றே தைத்த உடைகள் உண்டு.

நமக்கு அந்த உடை தேவையில்லை. பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றில் வஸலின் பூசுங்கள். காதில் பஞ்சை வையுங்கள். செருப்புக்குள் கொஞ்சம் கடலைப் பருப்பைப் போடுங்கள். கையில் தடித்த கையுறை, முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டு. மகள்மார் கூடவே நிற்க, இப்போது குளிசை அட்டையிலிருந்து ஒரு குளிசையைப் பிதுக்கி எடுத்துப் பாருங்கள். தரையில் பன்பாயிலிருந்து எழும்பிப் பாருங்கள். இரவு வெளிச்சத்தில் குளியலறைக்கு நடந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வீட்டின் குறைகள் எல்லாம் காலில் இடறும். சுருண்டு நிற்கும் கால்மிதி, வாசற்படி, பிடிக்க ஒன்றுமில்லாத சுவர். வுழுச் செய்த இடத்தின் ஈரத்தைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். தஹஜ்ஜத்துக்கும் சுபஹுக்கும் இருட்டில் தனியே எழும்புகிறவர்கள் முதியவர்களே. ஒரு ஸ்டூலும், ஒரு பிடிகம்பியும், இரவு முழுக்க எரியும் ஒரு சின்ன பல்பும் போட்டால் இடுப்பெலும்பு தப்பும். எழும்பியதும் நடக்க விடாமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார வையுங்கள். பிரஷர் குளிசை குடிப்பவர்களுக்கு எழும்பிய வேகத்தில் தலை சுற்றலாம்.

படுக்கைப் புண்ணுக்கும் ஒத்திகை உண்டு. இங்கிலாந்தின் டோரீன் நோர்ட்டன் என்ற தாதியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1962இல் முதியோர் வாட்டுகளை ஆராய்ந்து, யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே புள்ளி போட்டுக் கண்டுகொள்ளலாம் என்றும், நேரத்துக்கு நேரம் புரட்டிவிட்டால் குறையும் என்றும் காட்டினார்கள். அதுவரை பூசிய எண்ணெய்க்கும் தைலத்துக்கும் கணக்கில்லை. சிவந்த இடத்தில் விரலால் அழுத்துங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், வளையத் தலையணையும் வைக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவதுதான் வழக்கமான கணக்கு. குதிக்கால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுங்கள்.

உம்மாவைப் புரட்டும் முன் நீங்கள் படுத்துக்கொண்டு மகளைப் புரட்டச் சொல்லுங்கள். முதலில் கையைப் பிடித்து இழுக்கட்டும். தோள் எப்படி வலிக்கிறது, விரிப்பில் தோல் எப்படி உரசுகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டாக மடித்த ஒரு விரிப்பை முதுகுக்குக் கீழே தோளிலிருந்து தொடை வரை விட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று, விரிப்பின் ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, "உம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறோம்" என்று சொல்லிவிட்டு, மூன்று எண்ணி, ஒன்றாகத் தூக்கட்டும். சொல்லாமல் ஒரு தடவையும் செய்யச் சொல்லுங்கள். உம்மாவை இரண்டு பேர் சேர்ந்து இப்படித் திருப்பலாம். முதுகுக்குப் பாரம் குறையும், உம்மாவின் பதற்றமும் குறையும். இரண்டு நாள் இப்படி ஒருவர் மாறி ஒருவர் படுத்துப் பழகிவிட்டு, மூன்றாம் நாள் உம்மாவின் கட்டிலுக்குப் போங்கள்.